தையல்காரரையும் தச்சரையும் மாநாட்டு வாசலில் நிறுத்தியவர்: யார் இந்த நந்தலால் போஸ்?

ஒரு கட்சி மாநாட்டுக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வழி நெடுக என்ன இருக்கும்? தலைவர் சிரிக்கும் பேனர், தலைவர் கையசைக்கும் கட்-அவுட், ஓரத்தில் அதை வைத்தவரின் ஸ்டாம்ப் சைஸ் போட்டோ. இதைத் தவிர வேறு எதையும் நாம் எதிர்பார்ப்பதே இல்லை, இல்லையா?

இப்போது 1938 பிப்ரவரிக்கு வாங்க. குஜராத்தில் சூரத் பக்கம், தபி நதிக்கரையில் ஹரிபுரா என்றொரு கிராமம். இந்திய தேசிய காங்கிரஸின் 51-வது மாநாடு அங்கே நடக்கிறது. தலைவர் சுபாஷ் சந்திர போஸ். 51 காளைகள் பூட்டிய வண்டியில் அவரை ஊர்வலமாக அழைத்து வருகிறார்கள். மாநாட்டுக்காகவே ஒரு தற்காலிக நகரம் எழும்பியிருக்கிறது. விட்டல்பாய் படேலின் நினைவாக அதற்கு விட்டல்நகர் என்று பெயர்.

அந்த நகரத்தின் வாசல்களிலும் பந்தல்களிலும் வரிசையாகப் படங்கள். கிட்டப் போய்ப் பார்த்தால், உழுகிற விவசாயி. துணி தைக்கும் தையல்காரர். தச்சர். பஞ்சு அடிப்பவர். உடம்பை வளைத்து மேளம் கொட்டுபவர். மல்யுத்த வீரர். நெல் குத்தும் பெண்கள். குழந்தையோடு ஒரு தாய். வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லும் வாசகம் ஒன்றுகூட அவற்றில் இல்லை. தலைவர்களின் முகமும் இல்லை.

அவற்றை வரைந்தவர் 55 வயதான ஓவிய ஆசிரியர் ஒருவர். பெயர் நந்தலால் போஸ். சுபாஷ் போஸுக்கு உறவா என்று உடனே கேட்கத் தோன்றும். ஒரே குடும்பப் பெயர், அவ்வளவுதான்.

இந்தப் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருந்தால், பெரும்பாலும் அரசியலமைப்புச் சட்டத்தின் அசல் பிரதிக்குப் படம் வரைந்தவர் என்றுதான் கேட்டிருப்பீர்கள். குடியரசு தினம் வந்தால் வாட்ஸ்அப்பில் அது ஒரு சுற்று வரும். ஆனால் அந்த வேலை கைக்கு வந்தபோது அவருக்கு 66 வயதைத் தாண்டியிருந்தது. அதற்கு முன்னால் இருந்த நாற்பது வருஷக் கதைதான் சுவாரஸ்யம்.

பரீட்சையில் தேறாத பையன்

1882 டிசம்பர் 3-ம் தேதி, பிகாரின் முங்கேர் மாவட்டத்தில் உள்ள கரக்பூரில் பிறந்தார். வங்காளிக் குடும்பம், அப்பா தர்பங்கா ஜமீனில் வேலை பார்த்தார். அம்மா க்ஷேத்ரமோனி தேவி, கையில் கிடைப்பதை வைத்துப் பொம்மை செய்வதில் கெட்டிக்காரர். சின்ன வயதிலேயே களிமண்ணில் உருவம் பிடிப்பதும் பூஜைப் பந்தல்களை அலங்கரிப்பதுமாக இருந்த பையனை, மேல்படிப்புக்காகக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள்.

படிப்பு ஏறவில்லை. கல்லூரித் தேர்வில் தோற்றார், வேறு கல்லூரிக்கு மாறினார், கடைசியில் வணிகவியல் படிக்கச் சேர்ந்தார். நடுவில் 1903-ல் சுதீரா தேவியோடு கல்யாணமும் ஆகிவிட்டது. 22 வயது, கல்யாணமானவர், கையில் டிகிரி இல்லை. நம் வீடுகளில் இப்படி ஒரு பையன் இருந்தால் என்ன பேச்சு கேட்பான் என்று உங்களுக்கே தெரியும். அந்த நிலையில்தான் அவர் வீட்டைச் சம்மதிக்க வைத்து, 1905-ல் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் சேர்கிறார்.

அங்கே அவருக்குக் கிடைத்த ஆசிரியர் அபனீந்திரநாத் தாகூர், ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் மகன் முறை. ஐரோப்பியப் பாணி எண்ணெய் ஓவியத்தை நகல் எடுப்பதை விட்டுவிட்டு, முகலாய, ராஜஸ்தானிய, ஜப்பானிய முறைகளிலிருந்து இந்தியாவுக்கென ஒரு ஓவிய மொழியை உண்டாக்க வேண்டும் என்று அவர் முனைந்திருந்த நேரம் அது. வங்கப் பிரிவினைக்கு எதிரான சுதேசி இயக்கமும் அதே 1905-ல் வெடித்தது. எனவே எதை வரைவது, எப்படி வரைவது என்பதே அரசியலாகிவிட்டது.

நந்தலால் சட்டென்று பெயர் வாங்கிவிட்டார். புராணக் காட்சிகள், மென்மையான வண்ணம், கனவு போன்ற முகங்கள். சதி என்ற ஓவியத்துக்கு 500 ரூபாய் பரிசு கிடைத்தது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. மனுஷன் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு, கோயில்களையும் சிற்பங்களையும் பார்க்க ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார்.

1909 குளிர்காலத்தில் இன்னொரு பயணம். அஜந்தா குகை ஓவியங்களை நகலெடுக்க கிறிஸ்டியானா ஹெரிங்ஹாம் என்ற ஆங்கிலேய ஓவியர் வந்திருந்தார். சகோதரி நிவேதிதா வற்புறுத்தியதில் நந்தலாலும் அந்தக் குழுவில் சேர்ந்தார். அஜந்தா என்றால் புத்தர் நினைவுக்கு வருவார். ஆனால் அந்தச் சுவர்களை நாள் கணக்காக உட்கார்ந்து நகலெடுப்பவர் கண்ணில் வேறு சிலதும் படும்: தலைவாரிக்கொள்ளும் பெண், பணியாள், யானை, குரங்கு, தெருக் கூட்டம். ஜாதகக் கதைகள் அரண்மனையில் மட்டும் நடப்பவை இல்லையே. பெரிய கதை ஒன்றைச் சொல்லும்போதே அன்றாட வாழ்க்கையையும் இத்தனை பெரிதாகச் சுவரில் ஏற்றலாம் என்பதற்கு அது நேரடிப் பாடம்.

என்றாலும் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவரது புராண ஓவியங்களை அப்போது பார்த்தவர்கள் யார்? கல்கத்தாவின் கண்காட்சிக்கு வரும் கனவான்கள், ஆங்கிலேய அதிகாரிகள், சில பத்திரிகைகளின் வாசகர்கள். சுதேசிக் கலையை சுதேசிகளில் பெரும்பாலோர் பார்க்கவே இல்லை.

சாந்திநிகேதன் என்ன செய்தது?

ரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதனில் 1919-ல் கலா பவனம் என்ற ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். அதற்கு நந்தலால் வேண்டும் என்று அவர் கேட்க, அபனீந்திரநாத்தோ தன் சிஷ்யனைக் கல்கத்தாவிலேயே வைத்துக்கொள்ள விரும்பினார். இரண்டு தாகூர்களுக்கு நடுவில் கொஞ்ச காலம் இழுபட்டு, கடைசியில் சாந்திநிகேதனில் தங்கினார். 1922-ல் முதல்வர். 1951-ல் ஓய்வு பெறும்வரை அந்த வேலைதான்.

பீர்பூம் மாவட்டம் வறண்ட பூமி. சிவப்பு மண், பனை மரங்கள், மழை அரித்த மேடு பள்ளங்கள், சுற்றிலும் சந்தால் கிராமங்கள். கல்கத்தாவின் ஓவிய அறையில் கனவு முகம் வரைந்தவருக்கு இங்கே வெயில்தான் வெளிச்சம். அவரது கோடே மாறியது. மங்கலான வண்ணப் பூச்சு குறைந்து, ஓரிரு தூரிகை வீச்சில் ஓர் ஆட்டையோ சந்தைக்குப் போகும் பெண்ணையோ பிடித்துவிடும் வேகம் வந்தது. 1924-ல் தாகூரோடு சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போனார். கிழக்காசிய மை ஓவியத்தை நேரில் பார்த்தது அந்தக் கோட்டை இன்னும் கூர்மையாக்கியது.

மாணவர்கள் அவரை மாஸ்டர்மோஷாய் என்று கூப்பிட்டார்கள். நம்மூர் வாத்தியார் ஐயா மாதிரி. வகுப்பில் அடைத்து வைக்கிற ஆள் இல்லை. மரத்தடிக்கு, வயலுக்கு, சந்தைக்கு, திருவிழாவுக்கு அனுப்புவார். பார்த்து வரைய வேண்டும். தானும் கூடவே போய் வரைவார்.

இன்னொரு பழக்கம், அஞ்சலட்டை. சின்ன அட்டைகளில் அன்றைக்குக் கண்ணில் பட்டதை வரைந்து மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் அனுப்புவார். வாழ்நாள் முழுக்க இதைச் செய்தார். படுத்திருக்கும் நாய், ஒற்றைப் பனை, கடற்கரை மீனவர். கண்காட்சிக்காக இல்லை, விற்பதற்காகவும் இல்லை. நாம் போனில் ஒரு போட்டோ எடுத்து நண்பருக்குத் தட்டிவிடுகிறோமே, கிட்டத்தட்ட அதுதான். வித்தியாசம், வரைவதற்கு முன்னால் அந்த நாயைக் கொஞ்ச நேரமாவது பார்த்தே ஆக வேண்டும்.

ஓவியம் என்ற சொல்லின் எல்லையையும் அவர் சத்தமில்லாமல் தள்ளிவைத்தார். வங்காளப் பெண்கள் வீட்டில் போடும் ஆல்பனா இருக்கிறதே, நம் மாக்கோலம் போல அரிசி மாவைக் கரைத்து விரலால் இழுப்பது, அதைக் கலா பவனத்தின் பாடமாக்கினார். சொல்லிக்கொடுக்க யாரை அழைத்தார் தெரியுமா? கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து சாந்திநிகேதனில் தங்கியிருந்த சுகுமாரி தேவி என்ற விதவைப் பெண்ணை. எந்த ஓவியப் பள்ளியிலும் படிக்காதவர், ஆல்பனாவிலும் பூத்தையலிலும் தேர்ந்த கை. 1920-களின் இந்தியாவில், ஒரு விதவையின் வீட்டுக் கைவேலையைக் கல்லூரிப் பாடமாக ஏற்பது சாதாரண முடிவு இல்லை. நந்தலாலின் மகள்கள் கௌரி பஞ்சா, ஜமுனா சென் இருவரும் பின்னாளில் அந்த வேலையை எடுத்துச் சென்றார்கள். சாந்திநிகேதனின் விழாக்களில் இன்றும் ஆல்பனா உண்டு.

1930-ம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்க. அந்த வருஷம் தாகூர் குழந்தைகளுக்காக எழுதிய வங்காளப் பாலபாடமான சகஜ் பாட் வெளிவந்தது, படங்கள் நந்தலால். கறுப்பு வெள்ளையில் அவர் போட்ட அந்தப் படங்களோடு எழுத்துப் படித்த வங்காளிகள் பல தலைமுறை. ஸ்ரீநிகேதனில் ஏர் பூட்டும் விழாவைச் சுவரோவியமாக்கியதும் அதே ஆண்டு. காந்தி தண்டிக்கு நடந்ததும் அதே ஆண்டுதான். கைத்தடியோடு சாய்ந்து நடக்கும் காந்தியின் கறுப்பு வெள்ளை உருவத்தை நீங்கள் எங்காவது நிச்சயம் பார்த்திருப்பீர்கள். அது நந்தலாலுடையது. லினோகட் என்பார்கள், தரைவிரிப்புக்குப் பயன்படும் லினோலியத்தைச் செதுக்கி, மை தடவி அச்செடுப்பது. செலவு குறைவு, எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரே பிரதி, ஒரே முதலாளி என்ற கணக்குக்கு நேர் எதிரான ஊடகம்.

ஹரிபுராவுக்குத் திரும்புவோம்

1936-ல் லக்னோ காங்கிரஸ் மாநாட்டில் இந்தியக் கலைக் கண்காட்சி ஒன்றை அமைக்கும் பொறுப்பைக் காந்தி அவரிடம் கொடுத்தார். அதே வருஷக் கடைசியில் மகாராஷ்டிரத்தின் ஃபைஸ்பூரில் மாநாடு. ஒரு கிராமத்தில் காங்கிரஸ் கூடுவது அதுவே முதல் தடவை. மாநாட்டு நகரத்தையே அமைத்துத் தர வேண்டும் என்றார் காந்தி. நான் ஓவியன், கட்டடக் கலைஞன் இல்லையே என்று நந்தலால் தயங்கியும் அவர் விடவில்லை. காந்தி வைத்த நிபந்தனை எளிமையானது, ஆனால் கடுமையானது: அந்த ஊரில் கிடைக்கும் பொருள், அந்த ஊர்க்காரர்களின் உழைப்பு. மூங்கில், ஓலை, கயிறு. முடிந்தது.

இரண்டாவது கிராம மாநாடுதான் ஹரிபுரா. கையால் செய்த காகிதத்தை அட்டையில் ஒட்டி, மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் எடுத்த வண்ணங்களைக் கரைத்து வரைந்தார். ஒவ்வொன்றும் சுமார் இரண்டடிக்கு இரண்டடி. தடித்த, வேகமான கறுப்புக் கோடு. காவி, செங்கல் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிழல் இல்லாத தட்டையான நிறங்கள். சுற்றிலும் ஒரு வளைவுச் சட்டம். வங்காளத்துக் கிராமங்களின் பட ஓவியமும் காளிகாட் சந்தை ஓவியமும் அதில் தெரியும். 80-க்கும் மேற்பட்டவற்றை அவரே வரைந்தார். மாணவர்கள் அவற்றைப் பார்த்துப் போட்ட பிரதிகளோடு சேர்த்து சுமார் 400.

ஏன் இத்தனை வேகம், ஏன் தடித்த கோடு? நடந்து போகிறவர் பார்க்க வேண்டும், அதனால். டிக்கெட் வாங்கி உள்ளே வந்து, கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ரசிகருக்கான படம் இல்லை இது. மாட்டு வண்டியில் வந்து இறங்கும் விவசாயி, தூரத்திலிருந்தே, வெயிலில், கூட்டத்தில், கண்டுகொள்ள வேண்டும். அவர் கண்டுகொள்வது தன்னையேதான். ஒரு தையல்காரர் அந்த வாசலைக் கடந்தபோது என்ன நினைத்திருப்பார்? அவர் பார்த்து வளர்ந்த படங்களில் சாமி இருந்திருக்கும், ராஜா இருந்திருக்கும். ஊசியும் நூலுமாக ஒரு ஆள் இருந்திருக்க வாய்ப்பே குறைவு.

சுதந்திரம் யாருக்கு என்ற கேள்வி அந்த மாநாட்டில் மேடையில் விவாதிக்கப்பட்டது. நந்தலால் வாசலிலேயே ஒரு பதிலை மாட்டி வைத்திருந்தார்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது

அதைச் சொல்லாமல் போனால் இது வெறும் புகழ்மாலை ஆகிவிடும். ஹரிபுராப் படங்களை வரிசையாகப் பாருங்க. எல்லோரும் திடகாத்திரமாக இருக்கிறார்கள். வேலை ஒரு நடனம்போல இருக்கிறது. கடன் இல்லை, பசி இல்லை, சாதி இல்லை. 1938-ல் இந்தியக் கிராமம் அப்படியா இருந்தது? அன்றாடத்தில் அழகைத் தேடுகிறவர் எப்போதும் நடக்க வேண்டிய மெல்லிய கோடு இது. கொஞ்சம் பிசகினால், உழைப்பின் வலியை அழகான கோடு மறைத்துவிடும். இந்த விமர்சனம் நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஐந்தே வருஷத்தில் வங்காளம் அதைச் சோதித்துவிட்டது. 1943 பஞ்சம். சித்தப்ரசாத் மேதினிப்பூர் கிராமங்களில் நடந்து நடந்து, எலும்பும் தோலுமான மனிதர்களை வரைந்து புத்தகமாக்கினார். அதன் பிரதிகளை ஆங்கிலேய அரசு பறித்து அழித்தது. ஜைனுல் ஆபிதீன் கல்கத்தாத் தெருவில் செத்துக்கொண்டிருந்தவர்களைக் கறுப்பு மையில் வரைந்தார். நந்தலால் அந்த வருஷம் வரைந்தது அன்னபூர்ணாவை. அமர்ந்திருக்கும் தேவியின் முன்னால் பிச்சைப் பாத்திரத்தோடு சிவன். அந்தச் சிவன் வெறும் எலும்புக்கூடு. புராணத்துக்கே திரும்பிப் போனார் என்று சொல்லலாம். ஆனால் சோறு கேட்டு நிற்கும் எலும்புக்கூடாகக் கடவுளை வரைந்தவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார் என்று சொல்ல முடியாது. இந்த இரண்டில் எது கனமாகப் படுகிறது என்பது உங்களைப் பொறுத்தது.

அவரிடம் படித்தவர்கள்

ஒரு ஆசிரியரின் வேலை எங்கே போய்ச் சேர்ந்தது என்று அறிய அவர் மாணவர்களைப் பார்க்கலாம். பினோத் பிஹாரி முகர்ஜி, 1940-ல் கலா பவன விடுதியின் கூரை முழுவதும் பீர்பூம் கிராம வாழ்க்கையை வரைந்தார்; குளம், மரம், மாடு, ஆட்கள், அவரவர் வேலை. பிறவியிலேயே பார்வை குறைந்தவர், பின்னாளில் முழுவதும் இழந்தவர். ராம்கிங்கர் பைஜ், சிமெண்டும் சரளைக் கல்லும் கலந்து, இடம் பெயரும் சந்தால் குடும்பத்தைத் தெய்வச் சிலை அளவுக்கு நிறுத்தினார்.

சத்யஜித் ராய் 1940-ல் சேர்ந்தார். விளம்பர ஓவியராவதுதான் அப்போது அவர் திட்டம். படிப்பை முடிக்காமலே கிளம்பியும்விட்டார். ஆனாலும் இந்தியக் கலையையும் இயற்கையையும் பார்க்கத் தனக்குக் கண் திறந்தது அங்கேதான் என்று அவர் பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். பதேர் பாஞ்சாலியில் குளத்து நீர் மேல் ஓடும் பூச்சிகளை அவ்வளவு நேரம் காட்டுவாரே, நினைவிருக்கிறதா?

நமக்குக் கொஞ்சம் நெருக்கமான ஒருவரும் உண்டு. கே.ஜி. சுப்ரமணியன், கேரளத்தின் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை. அதனால் கல்லூரிக் கதவு மூடிக்கொண்டது. 1944-ல் சாந்திநிகேதன் போய்ச் சேர்ந்தார். பிறகு பரோடாவில் பேராசிரியராக இருந்தபோதும் மரத்தில் பொம்மை செய்தார், நெசவுக்கு வடிவமைத்தார், குழந்தைகளுக்குப் புத்தகம் போட்டார். பெரிய ஓவியர் இதெல்லாம் செய்யலாமா என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. அந்தப் பள்ளியில் அப்படி ஒரு கேள்வியே இருந்ததில்லை. 2012-ல் பத்ம விபூஷண் பெற்றார்.

சரி, அந்த அரசியலமைப்புப் பிரதி?

அதில் ஒரு குழப்பம் உண்டு, தெளிவுபடுத்திவிடுவோம். எழுத்து நந்தலாலுடையது இல்லை. ஆங்கிலப் பிரதியைக் கையால் எழுதியவர் பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா. படங்களும் ஓரச் சித்திரங்களும் நந்தலாலும் அவரது சாந்திநிகேதன் குழுவும் போட்டவை. முகப்புரைப் பக்கத்தை அலங்கரித்தவர் அவர் மாணவர் பியோஹர் ராம்மனோகர் சின்ஹா. சிந்துவெளிக் காளை முத்திரையில் தொடங்கி புத்தர், அசோகர், அக்பர், தண்டி யாத்திரை என்று வரலாறு நகரும். நடராஜர் செப்புச்சிலை ஒரு பகுதியில் இருக்கிறது, மாமல்லபுரத்து அர்ஜுனன் தபசு இன்னொன்றில். 1950 ஜனவரி 24 அன்று அரசியல் நிர்ணய சபை உறுப்பினர்கள் அதில் கையெழுத்திட்டார்கள்.

அழகான வேலை. ஆனால் எனக்கு ஒரு சின்ன ஏமாற்றமும் உண்டு. அந்தப் பக்கங்களில் பெரும்பாலும் அரசர்கள், ஞானிகள், தலைவர்கள். ஹரிபுராவின் தையல்காரரை அங்கே தேடினால் கிடைக்கமாட்டார்.

1954-ல் பத்ம விபூஷண் கிடைத்தது. 1966 ஏப்ரல் 16-ம் தேதி கல்கத்தாவில் காலமானார். அவர் படைப்புகளை தேசியக் கலைப் பொக்கிஷம் என்று அரசு பின்னர் அறிவித்ததால் அவற்றை இந்தியாவுக்கு வெளியே விற்க முடியாது. டெல்லியில் இந்தியா கேட் அருகே, ஜெய்ப்பூர் ஹவுஸில் உள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தில் சுமார் 7,000 இருக்கின்றன; அந்த அஞ்சலட்டைப் படங்களும் அதில் சேர்த்தி. ஹரிபுராவின் உழவரும் மேளக்காரரும் 2019-ல் வெனிஸ் பினாலே கண்காட்சியின் இந்திய அரங்குக்குப் போய் வந்தார்கள்.

நாலு நாள் மாநாட்டுக்காக, வெயிலிலும் புழுதியிலும் மாட்டுவதற்கென்று மலிவான காகிதத்தில் போட்ட படங்கள் அவை. வேலை நிமித்தம் டெல்லி போனால் ஒரு மத்தியானத்தை ஒதுக்குங்க. இப்போது அவற்றுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, வெளிச்சத்தைக் குறைத்து வைத்துப் பாதுகாக்கிறார்கள். திங்கட்கிழமை விடுமுறை.